பேட்டரிக்குத் தைத்த சட்டை

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ‘பேட்டரி போயிடுச்சு’ என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போவதற்கு பேட்டரி என்ன கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையா? அது போவதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒன்று, அதற்குத் தீனி வரவில்லை. இல்லையென்றால், வந்த தீனியை வேறு யாரோ தின்கிறார்கள். இரண்டும் இல்லை என்றால்தான் அதற்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். எது என்று பார்க்காமலே கடைக்கு ஓடுகிறார்கள் ஜனங்கள்.

போன மாசம் எங்கள் மாடியில் குடியிருக்கும் வாத்தியார் இப்படித்தான் ஓடப் பார்த்தார். புது பைக். இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி மூச்சை நிறுத்தினால் வண்டி மொத்தமும் பிணம். காலை எட்டு மணிக்கு ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு, “பேட்டரி போச்சு சார், ஆட்டோ பிடிச்சிப் போய் புதுசு வாங்கியாந்துடறேன்” என்றார். “கொஞ்சம் பொறுங்க சாமி” என்று மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நெகட்டிவ் டெர்மினலில் ஒரு போல்ட் லூஸ். அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரை நாலு திருகு திருகியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. அவர்தான், “இதையெல்லாம் எழுதி வைங்க சார்” என்றார். வாத்தியார் சொன்னால் கேட்க வேண்டியதுதானே, எழுதுகிறேன்.

என் பெயர் சாலமன். ஆம்பூரில் ஒரு டூ வீலர் சர்வீஸ் ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றேன். எங்கள் சர்ச்சில் இன்னொரு சாலமன் இருந்ததால் எனக்கு ‘பேட்டரி சாலமன்’ என்று பெயர். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு, குடியாத்தத்தில் ஒரு வைண்டிங் கடையில் ஒரு வருஷம் மோட்டாருக்குக் கம்பி சுற்றியது, அப்புறம் இந்த சர்வீஸ் ஸ்டேஷன். என் படிப்பு அதோடு சரி. மீதி எல்லாம் கரீம் பாய்.

கரீம் பாய் எங்கள் சூப்பர்வைசர். என்னைவிட மூன்று வயசுதான் பெரியவர். ஆனால் அவர் வொர்க்‌ஷாப்பில் நடந்து வந்தால் ஸ்பேனர் சத்தம்கூடக் குறையும். சத்தம் போட்டுப் பேசுகிற ஆளே கிடையாது. சந்தோஷமாக இருந்தால் எங்களை ‘டா’ போட்டுக் கூப்பிடுவார். கோபம் வந்துவிட்டால் ‘வாங்க, போங்க’ என்று மரியாதை ஏறிவிடும். “சாலமன் சார், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?” என்று அவர் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவேன். எதையோ பெரிதாகக் கெடுத்துவைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எந்த வண்டி வந்தாலும் நாலு அளவு எடுக்காமல் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அவர் சட்டம். முதலில், வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட்? பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது? பத்துக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் பதினாலுக்குப் பக்கத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உள்ளே கரண்ட் உண்டாக்குகிற காயில் பிளேட்டோ, அதன் கரண்டைப் பதமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டரோ மக்கர் பண்ணுகிறது. பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. நாலாவதுதான் முக்கியம். சாவியை அணைத்து, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோக்க வேண்டும். வண்டி தூங்கும்போதும் கரண்ட் ஓடினால் எங்கேயோ திருட்டு நடக்கிறது. அதற்கு ‘லீக்’ என்று பெயர்.

இந்த நாலையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட்டில் ஒட்ட வேண்டும். டேப் இல்லாத வண்டியைக் கரீம் பாய் கையால் தொட மாட்டார். நான் சேர்ந்த புதிதில் அவசரத்தில் மூன்றை மட்டும் எழுதி ஒட்டிவிட்டேன். “ஜல்தி பண்ணாதடா சாலமன். நமக்குத்தான் ஜல்தி. மீட்டருக்கு இன்னா ஜல்தி?” என்றார். அன்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு புது மாப்பிள்ளை வந்தார். பைக்கில் முன்னால் நாலு ஃபாக் லைட், பின்னால் நீல விளக்கு, போதாததற்குப் பாட்டுப் பாடும் ஹார்ன். மூன்று மாசத்தில் இரண்டு பேட்டரி. கரீம் பாய் வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். “தம்பி, உலையில போட்டது ஒரு ஆழாக்கு அரிசி. பந்தியில உட்கார வெச்சிருக்கறது நாப்பது பேரு” என்றார். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் பாட்டு ஹார்னைக் கழற்ற மனசு வரவில்லை. லைட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.

இன்னொருவர் குடியாத்தம் லுங்கி வியாபாரி. அப்போதெல்லாம் பேட்டரிக்கு மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அவர் ஆம்பூரில் மாமியார் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிவிட்டார். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கரீம் பாய் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சமாகப் பிடித்து ஜன்னலில் வைத்தார். நாலு நாளில் தண்ணீர் வற்றி அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வியாபாரியைக் கூப்பிட்டு, “இதை நீங்க குடிப்பீங்களா?” என்று கேட்டார். ‘நீங்க’ என்றதுமே நாங்கள் எல்லோரும் வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டோம்.

சரி, இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் செய்த தப்பு இது. சுற்றி வளைத்துப் பார்த்தாலும் என்மேல்தான் வந்து நிற்கும்.

எங்கள் ஊர் வொர்க்‌ஷாப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற ஊரில் எதற்கும் ரப்பர் தேடுவார்கள். நாங்கள் தோலைத் தேடுவோம். ஷூ கம்பெனியில் வெட்டிப்போட்ட துண்டுத் தோல் மூலைக்கு மூலை மூட்டையாகக் கிடைக்கும். வாஷர் வேண்டுமா, தோல். ஹேண்டில் வழுக்குகிறதா, தோலைச் சுற்று. பேட்டரி பெட்டிக்குள் லொடலொடவென்று ஆடுகிறதா, அடியில் ஒரு துண்டுத் தோலை மடித்து வை. பேட்டரிக்கு அடியில் இருக்கும் ரப்பர் இரண்டு வருஷத்தில் இற்றுப்போய்விடும். என் கையால் எத்தனை வண்டிக்குத் தோல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒன்றுகூடப் பேஜார் பண்ணியதில்லை.

ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால் பரிமளா வந்தாள். முப்பது வயசு இருக்கும். சின்ன வயசில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். வீட்டுக்குள் கையை ஊன்றித்தான் நகர்வாள். ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை. தைத்து வருகிற மேல் தோலைத் தடவிப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். அவளுக்கு அரசாங்கத்தில் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கிடைத்திருந்தது. முதல் சர்வீசுக்கு அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, நல்லா பாத்துக் குடுங்க. இது எனக்கு வண்டி இல்ல, காலு” என்றாள். 

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கம்பெனி வேனில் போயிருக்கிறாள். காலையில் இரண்டு பெண்கள் தூக்கி ஏற்றுவார்கள், சாயந்தரம் இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். “நல்ல பொண்ணுங்கதான், முகம் சுளிக்க மாட்டாங்க. ஆனா தினம் நாலு வாட்டி ஒருத்தர் தூக்கி ஒருத்தர் எறக்கினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுண்ணா” என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் அந்த வண்டிமேல் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

அந்தப் பாசம்தான் வினையாகப் போனது. பக்கச் சக்கரம் வைத்த வண்டி எந்தக் குழியையும் ஒதுங்கிப் போக முடியாது. ஒரு சக்கரம் தப்பினால் இன்னொன்று விழும். பேட்டரி கால் வைக்கும் பலகைக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அது முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மற்ற வண்டிக்கு அடியில் ஒரு துண்டு வைப்பேன். பரிமளா வண்டிக்கு மூட்டையைக் கொட்டி, பெரிய துண்டாகத் தேடி எடுத்து, நாலு பக்கமும் வருகிற மாதிரி ஊசி நூல் போட்டுத் தைத்தேன். மேலே ஒரு மடிப்பு விட்டு, பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் செருகினேன். கனகச்சிதம். கரீம் பாய் பார்த்துவிட்டு, “இன்னாடா, பேட்டரிக்குக் கல்யாணமா? சட்டையெல்லாம் தெச்சிருக்க” என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறு வாரம் ஓடியது. ஒரு சாயந்தரம் கம்பெனி வாசலில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும். அவளால் கிக்கர் அடிக்க முடியாது. இறங்கித் தள்ளவும் முடியாது. ஆள் அனுப்பினாள், போனேன். பேட்டரியில் பதினொன்றுகூட இல்லை.

டெர்மினலில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் எது பூக்கவில்லை? கதவுக் கீல் பூக்கிறது, கோயில் மணி பூக்கிறது. சுரண்டிப் போட்டேன். வொர்க்‌ஷாப்பில் சார்ஜ் ஏற்றி நாலு அளவும் எடுத்தேன். எல்லாம் சரி. அப்போது அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. “செல்ஃப் பட்டனை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்கறியாம்மா? அப்படிப் பண்ணா பேட்டரி எறங்கிடும்” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்து நாள் கழித்து ஹைவே பக்கத்து சர்வீஸ் ரோட்டில் நின்றது. காலை வெயில், லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போக, முக்கால் மணி நேரம் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். கடைசியில் நாலு காலேஜ் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “சாமி ஊர்வலம் மாதிரி வந்தேண்ணா” என்று சிரித்தாள். கண்ணைப் பார்த்தால் சிரித்த மாதிரி இல்லை. அன்று புது பேட்டரியே மாட்டினோம். பழைய சட்டையைத் துடைத்து, புது பேட்டரிக்கு நானே போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம்கூடப் போகவில்லை. மூன்றாவது தடவை நின்றது. இந்தத் தடவை மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு அவள் அண்ணன் தணிகையும் வந்தான். டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவன். நல்ல ஆகிருதி. தங்கையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“சார், போதும் சார். இனிமே இவ வண்டி ஓட்ட வேணாம்” என்றான். “கம்பெனில இன்னொரு வாட்டி லேட்டானா வேலைக்கு வராதன்னு சொல்லிட்டாங்க. நான் ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன். ஷூ மேல் தோலு வீட்டுக்கே குடுத்து அனுப்புவாங்க, உட்கார்ந்த எடத்துல கையால பின்னிக் குடுத்தா போதும்.”

“எனக்கு வேணாம்” என்றாள் பரிமளா.

“நீ சும்மா இரு. ரோட்டுல நின்னு உனக்கு எதுனா ஆனா நான் இன்னா பண்ணுவேன்? சார், நீங்களே சொன்னீங்களாமே, இவளுக்கு பட்டனை அழுத்தத் தெரியலன்னு. மெக்கானிக்கே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா?”

எனக்குச் சுரீர் என்றது. நான் சும்மா கேட்ட கேள்வி அவர்கள் வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. இந்த மூன்று வாரமும் அவள் சோறு தின்னும்போதெல்லாம் அதையே காதில் வாங்கியிருக்கிறாள். தணிகை கெட்டவன் இல்லை. பயந்துபோனவன். அந்த பயத்துக்கு ஆதாரம் கொடுத்தது நான். “பத்து நாள் டைம் குடுப்பா” என்றேன். அரை மனசோடு சரி என்றான். “பத்தே நாள் சார்.”

மூன்று நாள் வண்டியை வொர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்தேன். காயில் பிளேட்டைக் கழற்றி மாட்டினேன், ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தேன், வயரை எல்லாம் தலைமுதல் கால்வரை தடவினேன். லீக் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெட்டிக்குள் மீட்டரின் முனைக் கம்பியைக் கொண்டுபோக இடம் போதாது. அதனால் பேட்டரியை வெளியே எடுத்து ஸ்டூலில் வைத்து, சட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, நீள வயர் கொடுத்து அளப்பது என் வழக்கம். இரண்டு மில்லி ஆம்பியர். ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அளந்து முடித்ததும் சட்டையை எடுத்துப் பதவிசாகப் போட்டு உள்ளே வைப்பேன். மறுநாள் காலையில் வண்டி ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆகும். 

கரீம் பாய் நாலாம் நாள் பக்கத்தில் வந்து நின்றார். “பேட்டரியப் பாத்த. வண்டியப் பாத்த. வண்டி இருக்கற வீட்டப் பாத்தியா?” என்றார். அவருக்கு இது ஒரு வழக்கம். பிடிபடாத கேஸ் என்றால், விடிந்ததிலிருந்து அந்த வண்டி என்னென்ன செய்கிறது என்று பக்கத்திலிருந்தே பார்க்கச் சொல்வார். வண்டியை அன்றே பரிமளாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, பாலாற்றங்கரைப் பக்கம் இருந்த அவள் தெருவுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் வண்டி இல்லை. “தண்ணிக்குப் போயிருக்கா” என்றாள் அவள் அம்மா. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் வந்தது. கால் வைக்கும் பலகையில் இரண்டு குடம். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் தளும்பித் தளும்பிக் கொட்டுகிறது. நல்ல தண்ணீர் வரும் தெருக் குழாய் உடைந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹைவே பக்கத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். அங்கே இருக்கும் பெண்கள் பிடித்து வண்டியில் வைத்துவிடுவார்கள், பரிமளா ஓட்டிக்கொண்டு வருவாள். அவள் வீட்டுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்த இரண்டு வீட்டுக் கிழவர்களுக்கும். ஒரு காலைக்கு நாலு நடை. அந்தத் தெருவின் மூன்று வீடு அவள் வண்டியில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கால் இல்லாதவள் என்று வீட்டோடு உட்காரச் சொன்னார்களே, அவளைத்தான்.

குடத்தை இறக்கியதும் பலகையைக் கழற்றினேன். நான் தைத்த சட்டை கறுத்து, ஊறி, சொதசொதவென்று இருந்தது. அதன் மேல்மடிப்பு ஒரு பக்கம் பாசிட்டிவ் டெர்மினலில் படுத்திருந்தது, மறுபக்கம் இரும்புப் பட்டையில். எப்படியோ வளைந்து நெளிந்து, பேட்டரியை வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே மீட்டரைக் கோத்தேன். நூற்றைம்பது மில்லி ஆம்பியர். சட்டையின் மடிப்பை விரலால் தூக்கினேன். இரண்டு. விட்டேன். நூற்றைம்பது. தூக்கினேன், இரண்டு. நம்ப மனசு வராமல் மூன்று தடவை செய்தேன்.

காய்ந்த தோலில் கரண்ட் போகாது. ஆனால் பதனிட்ட தோலுக்குள் உப்பும் குரோமும் இருக்கிறது. நனைந்தால் அதுவே வயர். ஒரு நாள், ஒன்றரை நாள் இப்படி ஒழுகினால் அந்தச் சின்ன பேட்டரி காலி. வொர்க்‌ஷாப்பில் அது காய்ந்து கிடந்தது. போதாததற்கு அளக்கும்போதெல்லாம் திருடனை நானே மேஜைமேல் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்குள் திருடனைத் தேடியிருக்கிறேன். அந்தப் பச்சை காற்றில் பூத்ததும் இல்லை, ஊறிய தோல் பட்டுப் பூத்தது.

“இன்னாண்ணா, கண்டுபுடிச்சிட்டீங்களா?” என்றாள் பரிமளா, வாசற்படியில் உட்கார்ந்தபடி.

எனக்கு நிஜத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை. “எங்கியோ லீக் மாதிரி தெரியுதும்மா. சாயந்தரம் வர்றேன்” என்றேன். சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு ஒரு வழி சொல்லிக்கொடுத்தது. தோலை எடுத்தாயிற்று, இனி வண்டி நிற்காது, ‘வயர்ல லீக் இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்’ என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

கரீம் பாயிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. சட்டையை அவர் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

“உட்காருங்க சாலமன் சார்” என்றார். முடிந்தது கதை என்று நினைத்தேன். “நானும் பார்த்து சிரிச்சேன். அதனால பாதி தப்பு என்னுது. நீங்க அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். தனியா சொன்னா பிரயோஜனம் இல்ல. அவ அண்ணன் இருக்கும்போது சொல்லுங்க. அந்த வீட்டுல இன்னும் அவதான் குத்தவாளி.”

அன்று சாயந்தரம் போனேன். தணிகை வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். பரிமளா வாசற்படியில் இருந்தாள். கையில் சட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன்.

“தணிகை, உன் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்லப்பா. பட்டனை அவ சரியாத்தான் அழுத்தியிருக்கா. தப்பு என்னுது. இது நான் தெச்சிப் போட்டது. தண்ணி பட்டு ஊறி, கரண்ட்டை இதுதான் குடிச்சிருக்கு. மூணு வாட்டியும் அவ ரோட்டுல நின்னது என்னாலதான்.”

தணிகை துண்டோடு அப்படியே நின்றுவிட்டான். “அப்போ அவ ஒண்ணும் பண்ணலையா?” என்றான். “ஒண்ணும் பண்ணல” என்றேன். அவன் தங்கையைப் பார்க்கவே இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிமளா கையை நீட்டினாள். சட்டையைக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தடவு, ஓரத்தைப் பிரித்து ஒரு பார்வை. கம்பெனியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிறவள். “இது மேல்தோல் இல்லண்ணா. ஸ்ப்ளிட். தோலைப் பொளந்தா கீழ வர்ற பாதி. ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி குடிக்கும். மழைக்கால ஷூவுக்கு இதை நாங்க சேர்க்கவே மாட்டோம்” என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தோலைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? பட்டனைப் பத்தித்தானே கேட்டீங்க.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. “மன்னிச்சிடும்மா” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கஸ்டமரிடம் அந்த வார்த்தையை மனசாரச் சொன்னது அன்றுதான். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “மொதல்ல வண்டியப் பாருங்க” என்றாள்.

பழைய லாரி டியூபை வெட்டி எடுத்துப் போயிருந்தேன். பேட்டரிக்கு அடியிலும் பக்கத்திலும் ரப்பர் வைத்து, டெர்மினலுக்குக் கிரீஸ் தடவி மூடி போட்டு, பலகையின் இடுக்கிலும் ரப்பர் பட்டை ஒட்டினேன். நிறைய சார்ஜ் ஏற்றிக் கையோடு கொண்டுவந்திருந்த வேறு பேட்டரியை மாட்டினேன். தணிகை பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்தான்.

அடுத்த தண்ணீர் நாளன்று பரிமளா வேண்டுமென்றே குழியாகப் பார்த்து ஓட்டியிருக்கிறாள். வழக்கமாக நாலு நடை, அன்று ஆறு. வீட்டுக்கு வந்து, மீதித் தண்ணீரையும் ஒரு சொம்பில் மொண்டு பலகைமேல் ஊற்றினாளாம். பிறகு இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் நிறுத்திவைத்தாள். ஒரு நாள் லீவு, ஒரு நாள் ஞாயிறு. என் பத்து நாள் கெடு முடிகிற அன்று காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

போனபோது தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற கிழவர்களும் இருந்தார்கள். பரிமளா கம்பெனி யூனிஃபார்ம் கோட்டோடு, டிபன் பையோடு வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். தணிகை டேனரிக்குக் கிளம்பி வாசலில் நின்றான். ஆண்டவரே, ஆண்டவரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருஷம் மீட்டர் பிடித்தவன், எல்லாம் தெரிந்தவன், அன்று ஜெபம் பண்ணினேன்.

பரிமளா என்னைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பட்டனை ஒரே ஒரு தடவை தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் வண்டி பிடித்துக்கொண்டது.

யாரோ கிழவர் “அடி சக்கை!” என்றார். பரிமளா சிரிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கிக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“இன்னா பாக்கற? ஏறு. டேனரி வழியாத்தானே போறேன், எறக்கி விடறேன்.”

தணிகை அசையவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கிச் சுமந்தவன் அவன். அவளுடைய வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. தெருவே அவனைப் பார்த்தது. “ஏறுண்ணா, லேட்டாவுது” என்றாள் அவள், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி. அவன் செருப்பைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தங்கைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

வண்டி கிளம்பியது. என்னிடம் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தெருமுனைக் குழியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவு பெரிய ஆள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கையாலும் தங்கையின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.